பழியைப் பல்லின் மேல் போடாதீர்கள்

எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டால், அதன் பிறகு எது வந்தாலும் காரணம் ஒன்றுதான். அழுதால் பல். வயிறு போனால் பல். காய்ச்சல் அடித்தால் பல். இரவெல்லாம் சிணுங்கினாலும் பல். கோட்டையூரில் என் புகுந்த வீட்டிலும் தேவகோட்டையில் என் அம்மா வீட்டிலும் இதே பதிலைத்தான் கேட்டேன். காரைக்குடி பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஆச்சியும் இதைத்தான் சொன்னார். அத்தனை பேரும் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள், அக்கறையோடு சொல்பவர்கள். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

என் மகளுக்குக் கோரைப் பற்கள் வரை முளைத்துவிட்டன. கடைசிக் கடைவாய்ப் பற்கள் மட்டும் பாக்கி. இந்தக் காலத்தில் நான் கண்ணால் பார்த்ததையும், குழந்தை மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். பல் முளைப்பது குழந்தைக்குத் தொல்லைதான். ஆனால் அது நோயில்லை. நோயின் அறிகுறிகளை அதன் கணக்கில் எழுதினால் உண்மையான நோய் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

முதலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகளுக்கு ஏழு மாதம் முடிந்திருந்த நேரம். கீழ் ஈறு தடித்திருந்தது. வாயில் எது கிடைத்தாலும் நறநறவென்று கடித்தாள். ஒரு மாலையில் உடம்பு கொதித்தது. தெர்மாமீட்டர் 102 டிகிரிக்கு மேல் காட்டியது. சளி இல்லை, இருமல் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. வீட்டுக்கு வந்திருந்த உறவினர்கள் எல்லோரும் ஒரே குரலில், "பல் காய்ச்சல்தான், இரண்டு நாளில் தானாகப் போய்விடும்" என்றார்கள். ஈறைத் தொட்டுப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் தடுப்பூசிக்குப் போயிருந்தபோது மருத்துவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: "பல் முளைக்கும்போது உடம்பு கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கலாம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் அது பல்லின் வேலை இல்லை. காரணத்தைத் தேடியாக வேண்டும்." அந்த எண்ணை என் கணவர் தெர்மாமீட்டர் உறையின் மேலேயே எழுதி வைத்திருந்தார். அன்றிரவே காரைக்குடிக்குக் கிளம்பினோம்.

மருத்துவர் காதைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் வைத்துக் கேட்டார். எதிலும் ஒன்றும் தெரியவில்லை. சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். காரணம் தெரியாத காய்ச்சல் வந்த சின்னக் குழந்தைக்கு, அதிலும் பெண் குழந்தைக்கு, சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்க்காமல் விடக் கூடாது என்றார். பெரியவர்களுக்கு எரிச்சல், வலி என்று சொல்லத் தெரியும். குழந்தைக்குக் காய்ச்சல் ஒன்றுதான் மொழி.

கைக்குழந்தையிடம் சிறுநீர் பிடிப்பது எப்படி என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். வேறு யாருக்காவது உதவும். முதலில் வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தோம். பால் கொடுத்துச் சற்று நேரம் விட்டு, என் மடியில் கால்களை விரித்து உட்காரவைத்தேன். குளிர்ந்த நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றில் வட்டமாக மெதுவாகத் தேய்க்கச் சொன்னார் செவிலியர். அத்தை எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூடி திறந்த டப்பாவை உட்பக்கம் விரல் படாமல் இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டிருந்தார். எழுபது வயதில் அந்த நிலையில் உட்காருவது அவருக்கு எளிதில்லை. மகள் சிறுநீர் கழித்ததும் முதலில் வந்ததை விட்டுவிட்டு அடுத்து வந்ததைப் பிடித்தார். ஒரு சொட்டு கூடத் தரையில் சிந்தவில்லை.

தொற்று இருந்தது. கிருமி எதுவென்று வளர்த்துப் பார்த்து, அதற்கேற்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். பிறகு சிறுநீரகத்தை ஸ்கேன் செய்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று உறுதி சொன்னார்கள். "கவனிக்காமல் விட்டிருந்தால் சிறுநீரகத்தில் தழும்பு விழ வாய்ப்பிருக்கிறது" என்று மருத்துவர் சொன்னபோது அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் காய்ச்சல் என்றால் "பல்லாக இருக்கும்" என்று முதலில் சொல்பவர் யாரும் இல்லை. அத்தையே, "கருவியை வைத்துப் பார்த்தாயா?" என்றுதான் கேட்கிறார்.

அந்தக் காய்ச்சலின் நடுவிலேதான் கீழ்ப்பல் ஒன்று எட்டிப் பார்த்தது. பல்லும் வந்தது, தொற்றும் வந்தது. ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் இல்லை. இந்தக் குழப்பம் ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்று யோசித்தால் நம் பாட்டிகளைக் குறை சொல்லத் தோன்றாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு மாதத்தை ஒட்டி முதல் பல் வருகிறது. தாயிடமிருந்து கருவிலேயே கிடைத்த நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்துபோவதும் அதே மாதங்களில்தான். தாய்ப்பாலோடு வேறு உணவு தொடங்குவதும், குழந்தை தவழ்ந்துபோய்க் கையில் கிடைத்ததை வாயில் போட்டுக்கொள்வதும் அப்போதுதான். ஆக, கிருமி உள்ளே போக வழி திறக்கும் நேரமும் பல் வரும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன.

இது நம் ஊர் நம்பிக்கை மட்டுமல்ல. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் இறப்புப் பதிவுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் சாவுக்குக் காரணம் பல் முளைத்தது என்றே எழுதியிருக்கிறார்கள். அங்கே பல் வலிக்கென்று விற்ற பொடிகளில் கேலமல் என்ற பாதரச உப்பு இருந்தது. அதனால் குழந்தைகளின் கைகால்கள் சிவந்து, தோல் உரிந்து, பசியற்றுத் துவண்டுபோகும் ஒரு நோய் பல தலைமுறைகளை வாட்டியது. 1950களில் அந்தப் பொடிகளைக் கடைகளிலிருந்து எடுத்த பிறகுதான் நோய் மறைந்தது. பல்லுக்கு அஞ்சிக் கொடுத்த மருந்தே குழந்தைகளைப் படுத்திவைத்திருக்கிறது.

வயிற்றுப்போக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "பல்லுக் கழிச்சல், நிறுத்தக் கூடாது" என்று சொல்லி, தண்ணீராகப் போகும் குழந்தையைச் சும்மா வைத்திருப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பல்லால் வயிறு போகாது. போகிறதென்றால் பெரும்பாலும் கிருமிதான் காரணம். ஆபத்து, உடம்பின் நீர் வற்றுவதில். தாய்ப்பாலை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தில் எத்தனை நீர் என்று போட்டிருக்கிறதோ அத்தனை நீரில், பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டரில், முழுதாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். பாதிப் பொட்டலம், ஒரு தம்ளர் நீர் என்று கண்ணளவில் கலக்கக் கூடாது. அதோடு துத்தநாக மாத்திரையை மருத்துவர் சொல்லும் அளவில் 14 நாள் கொடுக்கச் சொல்வார்கள். போக்கு நின்றாலும் பாதியில் விடக் கூடாது. கண் குழிவது, உச்சிக்குழி அமுங்குவது, வாய் உலர்வது, சிறுநீர் குறைவது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

சரி, பல் முளைப்பதால் என்னதான் வரும்? என் மகளிடம் நான் பார்த்தவை இவ்வளவுதான். முளைப்பதற்கு முந்தைய சில நாட்களும் முளைத்த பிறகு சில நாட்களும் எச்சில் அதிகம், கடிக்கும் வெறி, ஈறில் தடிப்பும் சிவப்பும், தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து அழுவது, கட்டியான உணவைத் தள்ளிவிடுவது, கன்னத்தைத் தேய்ப்பது, காதைப் பிடித்து இழுப்பது. காதை இழுக்கும்போது காய்ச்சலும் சேர்ந்தால் காதில் தொற்று இருக்கலாம் என்பதால் காட்டிவிடுவது நல்லது. எச்சிலைப் பொறுத்தவரை, மூன்று மாதத்திலேயே ஒழுகத் தொடங்கும். எச்சில் சுரப்பது கூடுகிறது, அதை விழுங்கக் குழந்தைக்கு இன்னும் பழகவில்லை. அதைப் பார்த்து நாளையே பல் வந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

இந்த எச்சிலால் மகளுக்கு மோவாயிலும் கழுத்து மடிப்பிலும் தோல் சிவந்து சொரசொரப்பாகிவிட்டது. கடையில் விற்கும் வழவழப்பான துணிக் கச்சைகள் நீரை உறிஞ்சவில்லை. அத்தையின் பழைய கண்டாங்கிச் சேலை ஒன்று தூளி கட்டுவதற்காக வைத்திருந்தது. பல வருடம் துவைத்துத் துவைத்துச் சாயம் முழுக்கப் போய் மெத்தென்று ஆகியிருந்த பருத்தி. அதைச் சதுரம் சதுரமாகக் கிழித்து ஓரம் தைத்துக் கொடுத்தார். நனைந்ததும் மாற்றுவோம். துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுப்போம். தூங்கப் போடும் முன்னும் சாப்பாட்டுக்கு முன்னும் மோவாயில் மெல்லியதாகத் தேங்காய் எண்ணெய் பூசினால் எச்சில் தோலில் ஊறாது. சில நாட்களில் சிவப்பு தணிந்துவிட்டது. புதுச் சேலைத் துணியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். சாயம் வாய்க்குள் போகும்.

கடிக்கக் கொடுப்பதற்கும் அந்தத் துணியே எல்லாவற்றையும்விட நன்றாக உதவியது. ஒரு துண்டைக் காய்ச்சி ஆற்றிய நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். அத்தைக்கு அது பிடிக்கவில்லை, "ஜில்லென்று வாயில் வைத்தால் சளி பிடிக்கும்" என்றார். குளிர்ச்சியால் சளி வருவதில்லை, கிருமியால்தான் வருகிறது என்று விளக்கலாம். ஆனால் வீட்டில் ஒருவர் மனம் ஒப்பாமல் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும்படி செய்வதில் எனக்கு விருப்பமில்லை. காய்ச்சி ஆற்றிய நீரைச் சின்ன மண்பானையில் ஊற்றி வைத்து அதில் நனைத்துக் கொடுக்கலாம் என்று அவரே வழி சொன்னார். சித்திரை வெயிலில் மண்பானை நீர் எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும். மகளுக்கு அது போதுமாக இருந்தது. துணியின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, மறுமுனையை முறுக்கி அவள் வாயில் வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டே இருப்பாள்.

கடிவளையம் வாங்கினால் உள்ளே திரவம் இல்லாத, ஒரே துண்டாக வார்த்த ரப்பர் அல்லது சிலிகான் வளையமாகப் பாருங்கள். ஃபிரிட்ஜில் வைக்கலாம். ஃபிரீசரில் கல்லாக உறையவைத்துக் கொடுத்தால் ஈறு புண்ணாகிவிடும். இவை ஒன்றும் கையில் இல்லாத நேரத்துக்கு விரல் இருக்கிறது. நகத்தை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, சுட்டுவிரல் நுனியை ஈறின் மேல் வைத்து நிதானமாக அழுத்தினால் போதும். தடித்த இடத்தில் விரல் பட்டவுடன் குழந்தை தானே கடித்து அழுத்தம் கொடுக்கும். பல் வந்துவிட்ட இடத்தில் விரலை வைக்காதீர்கள், இரத்தம் வந்துவிடும்.

செட்டிநாட்டு வீடுகளில் இருப்பவர்களுக்கென்று ஒரு எச்சரிக்கை. இங்கே வீடு முழுக்கப் பழைய பொருட்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) மகளை விட்டால் குளிர்ச்சியாகத் தவழ்ந்து திரிவாள். ஆனால் தவழ்ந்து போய்ச் சேருமிடம் தூணாகவோ ஊஞ்சல் சங்கிலியாகவோ பெட்டியின் விளிம்பாகவோ இருக்கும். என் கணவரின் பாட்டி காலத்து மரச்சொப்புகள், வண்ணம் பூசிய குதிரை, மரப்பாச்சி எல்லாம் அலமாரியில் இருந்தன. உறவினர் ஒருவர் அந்தக் குதிரையை எடுத்துப் பாசமாக அவள் கையில் கொடுத்தார். அவள் முதலில் செய்தது அதன் காதைக் கடித்ததுதான். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற இந்திய விதி 2016இல் வந்து 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஈயம் சிறிய அளவிலும் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வண்ணம் பூசிய பழைய சாமான்கள் எல்லாவற்றையும், பழம்பொருள் கடையில் வாங்கிய எனாமல் கிண்ணங்களையும் மேல் அலமாரிக்கு மாற்றிவிட்டோம். வெளுத்துப்போன ஜன்னல் சட்டத்தின் உரிந்த பெயின்ட்டைக் கணவர் ஆள் வைத்துச் சுரண்டி எடுத்தார். வேலை நடந்தபோது குழந்தையை அம்மா வீட்டில் வைத்திருந்தேன். அந்தத் தூசியும் கேடுதான்.

வெள்ளிச் சாமானில் அப்படிப் பயமில்லை. என் தம்பி போட்ட வெள்ளிக் காப்பை மகள் கடித்துக் கடித்துப் பல் தடமே பதிந்துவிட்டது. கிலுகிலுப்பையில் மட்டும் பற்றவைத்த இடம் விட்டிருக்கிறதா, உள்ளே உள்ள மணிகள் வெளியே வருமா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். வசம்பு மணி கோத்த வளையலைக் கையில் கட்டுவது இங்கே வழக்கம். பல் வரும் வயதில் அது நேரே வாய்க்குத்தான் போகிறது, நூல் அறுந்தால் மணி தொண்டையில் சிக்கும். அதை நாங்கள் தொட்டிலின் தலைமாட்டில் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிட்டோம். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் வைத்து மதிக்கும் ஊர் இது. இருந்தாலும் அதைச் சுட்டு இழைத்து உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதை ஏற்றுக்கொண்டோம். பல் முளைக்கும் வலிக்கென்று கழுத்தில் போடும் மணிமாலைகளைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்திருக்கிறது. கழுத்து இறுகிக் குழந்தை இறந்ததும், மணி தொண்டையில் அடைத்ததும் நடந்திருக்கிறது.

ஈறில் தேன் தடவுவதை ஒரு வயது வரை அடியோடு விட்டுவிடுங்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். தசைகள் துவண்டு, மூச்சுவிடவே முடியாமல் போகலாம். மலைத்தேன், சுத்தமான தேன் என்பதெல்லாம் இதில் வித்தியாசம் இல்லை. கிராம்புத் தைலம் ஈறைப் பொசுக்கிவிடும். மருந்துக் கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் மரத்துப்போகச் செய்யும் ஜெல்களும் வேண்டாம். பென்சோகெய்ன் சேர்ந்தவை இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே குறைத்துவிடலாம் என்று அதே அமெரிக்க நிர்வாகம் 2018இல் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடாது என்றது. லிக்னோகெய்ன் ஜெல் அளவு மீறி விழுங்கப்பட்டால் வலிப்பும் இதயக் கோளாறும் வரலாம். வாய்ப்புண் ஜெல்களில் பலவற்றில் சாலிசிலேட் இருக்கிறது. பிரிட்டனில் 2009 முதல் அதைப் பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயன்படுத்துவதில்லை. எப்படியும் எச்சில் ஒழுகும் வாயில் தடவிய ஜெல் சில நிமிடங்களில் கழுவிப் போய்விடும். கிடைக்கும் பலன் அற்பம், ஆபத்து பெரியது.

கடித்துப் பழகட்டும் என்று தேன்குழலையோ சீப்புச் சீடையையோ கையில் கொடுக்கிறார்கள். பச்சைக் கேரட்டும் அப்படித்தான். முன்பல் இரண்டு இருக்கும் குழந்தையால் கடித்துத் துண்டாக்க முடியும், அரைக்க முடியாது. அந்தத் துண்டு மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். பலகாரம் இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை என்பதால் விருந்தினர் வரும்போதெல்லாம் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. யாரும் மனம் வருந்தவில்லை. காரணத்தைச் சொன்னால் நம் மக்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

வலி நிஜமாகவே தாங்காமல் குழந்தை எதையும் குடிக்காமல் அழும் இரவுகள் உண்டு. அப்போது பாரசிட்டமால் கொடுக்கலாம். தினமும் அல்ல, மருத்துவரிடம் அளவு கேட்டு. ஒரு வேளைக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. இதில் பலருக்கும் தெரியாத ஒரு பொறி இருக்கிறது. சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப் பலவற்றில் ஐந்து மில்லியில் 125 இருக்கும், அதாவது ஒரு மில்லியில் 25. நான்கு மடங்கு வித்தியாசம். சிரப் கொடுக்கும் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்துவிட்டால் கல்லீரல் தாங்காது. எங்கள் வீட்டில் ஒரே வகைப் பாட்டில்தான் வாங்கி வைக்கிறோம். எடைக்கு ஏற்ற அளவை அதன் மேல் ஒட்டி, கொடுத்த நேரத்தை நாள்காட்டியில் எழுதுகிறோம். இல்லாவிட்டால் ஒருவர் கொடுத்தது தெரியாமல் இன்னொருவர் கொடுத்துவிடுவார். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

பால் குடிக்கும்போது கடிப்பதைப் பற்றித் தாய்மார்கள் வெளியே பேசுவதில்லை. இதனாலேயே பாலை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். குழந்தை உறிஞ்சிக் குடிக்கும்போது அதன் நாக்கு கீழ்ப்பல்லை மூடியிருக்கும், கடிக்கவே முடியாது. குடித்து முடித்து விளையாடும்போதுதான் கடிக்கிறது. விழுங்கும் சத்தம் நின்று, தாடை விறைப்பதைக் கவனித்துக்கொண்டே இருந்தால் கொஞ்ச நாளில் பிடிபட்டுவிடும். அந்த நொடியில் சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டுப் பிடியைத் தளர்த்தி எடுத்துவிட வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் காயம் ஆகும். கத்தினால் சில குழந்தைகள் பயந்து அடுத்த வேளை குடிக்கவே மறுக்கும். குடிப்பதற்கு முன் குளிர்ந்த துணியைச் சற்று நேரம் கடிக்கவிட்டால் ஈறு ஆறுதலாகி அமைதியாகக் குடிப்பாள்.

இங்கே மேல்பல் சங்கதிக்கு வருகிறேன். அம்மாவின் அக்கா பேரனுக்கு முதலில் மேல்பல் வந்தது. மேல்பல் முந்தி முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது நம் பக்கத்தில் வேரூன்றிய நம்பிக்கை. அந்த வீட்டில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பெற்ற பெண் குற்றம் செய்தவள்போல் தலை குனிந்திருந்தாள். மாமன் சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் வந்து இறங்கினார். கொப்புடையம்மன் கோயிலில் மருமகன் பேரிலும் தன் பேரிலும் அர்ச்சனை செய்தார். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவழியே நடந்து வீட்டுக்கு வந்தார். "என் மருமகன் பல்லால் எனக்கு என்ன வந்துவிடும்?" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். கீழ் நடுப்பற்கள் முதலில் வருவது பொதுவான வரிசை, அவ்வளவுதான். வரிசை மாறுவதும், நான்கு மாதத்திலேயே வருவதும், ஒரு வயதை ஒட்டி வருவதும் இயல்பே. ஒரு வயது தாண்டியும் ஒரு பல்கூட வரவில்லை என்றால் பல் மருத்துவரிடம் காட்டலாம். நம்பிக்கை உள்ளவர்கள் கோயிலுக்குப் போகட்டும், நானும் போவேன். ஆனால் பால் மணம் மாறாத பிள்ளையை "ஆகாத பல்" என்று சொல்லவும், அதைப் பெற்றவளைக் கலங்கவைக்கவும் யாருக்கும் உரிமை இல்லை.

எங்கள் மகளுக்குக் கீழ்ப்பல் தெரிந்து, காய்ச்சலும் தீர்ந்த பிறகு அத்தை பல் கொழுக்கட்டை அவித்தார். அரிசி மாவைப் பல் அளவுக்குக் கிள்ளி, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காயோடு கலந்து, வளவில் மணையில் உட்காரவைத்த மகளின் தலைக்கு மேல் கொட்டானை (ஓலைக் கூடையை) பிடித்து மெதுவாகச் சரித்தார். தெருப் பிள்ளைகள் பொறுக்கினார்கள். மகள் ஒரு துண்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனபோது அத்தைதான் முதலில் கையைப் பிடித்தார்.

முதல் கடைவாய்ப் பல் வரும் ஒன்றேகால், ஒன்றரை வயதில் தொல்லை மறுபடி கூடும். அகலமான பல், ஈறைப் பிளந்து வர நாளாகிறது. அப்போது மகளின் ஈறில் நாவல்பழ நிறத்தில் ஒரு கொப்புளம் எழுந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டோம். முளைக்கும் பல்லின் மேலே நீரும் இரத்தமும் தேங்குவதால் வருவது. பல் வந்ததும் தானே உடைந்துவிடும், குத்தவோ பிதுக்கவோ கூடாது என்றார் பல் மருத்துவர். அப்படியே ஆயிற்று. அந்த நாட்களில் மசித்த தயிர்ச்சாதமும் ஆறவைத்த கேழ்வரகுக் கூழும்தான் இறங்கின. வற்புறுத்தவில்லை, எடை குறையவில்லை.

பல் வந்தவுடன் அதைக் காப்பாற்றும் வேலையும் வந்துவிடுகிறது. விழுந்துவிடும் பால் பல்தானே என்று விட்டால் சொத்தை பிடித்து வலியும் சீழும் வரும், கீழே உருவாகும் நிரந்தரப் பல்லையும் அது கெடுக்கலாம். முதல் பல்லிலிருந்தே குழந்தைக்கான மென்மையான பிரஷ், அதன் நுனியில் ஓர் அரிசி மணி அளவுக்கு ஃபுளூரைடு பேஸ்ட், காலையும் இரவும். இரவில் தேய்த்த பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் பாட்டிலில் வேண்டாம். சர்க்கரை கலந்த பாலை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைக்கு மேல் முன்பற்கள்தான் முதலில் போகும். வாரம் ஒருமுறை மேலுதட்டைத் தூக்கி, ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். அதுதான் சொத்தையின் தொடக்கம், அந்த நிலையில் காட்டினால் திருப்ப முடியும். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். கடைசிக் கடைவாய்ப் பற்கள் இரண்டே முக்கால் வயதுவரைகூட வந்துகொண்டிருக்கும். மூன்று வயதுக்குள் எண்ணிப் பார்த்தால் இருபது இருக்க வேண்டும். குறைந்தால் அப்போது கேட்டுக்கொள்ளலாம்.